நூற்று எழுபத்திரண்டு வயது மாப்பிள்ளை

பண்ருட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் மாசிலாமணி திருமணத் தகவல் மையம் நடத்திவந்தார். உதவிக்குப் பூவராகன், செங்கமலம் என்று இரண்டு பேர். மூவர் மூளையையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குக் காணாது என்று கீழ்க்கடைக்காரர் சொல்வார். அது பொறாமைப் பேச்சு. முக்கால் ஆளுக்குத் தாராளமாகக் காணும்.

அன்று நாலு மணிக்கு முந்திரி வியாபாரி கலியமூர்த்தி வருவதாக இருந்தது. மகளுக்கு முப்பது வயதுக்குள் வங்கி மாப்பிள்ளை வேண்டும், பட்டியலை எக்செல்லில் காட்டாவிட்டால் வேறு மையத்துக்குப் போய்விடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று மாதமாக ஒரு கல்யாணம்கூட முடித்துவைக்காத மாசிலாமணி உடனே உதவி கேட்டுப் போன் போட்டார்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகன் நிகேதன் எட்டு வரி புரோகிராம் எழுதி அனுப்பினான். போனில் விளக்கமும் சொன்னான்.

"ரன் பண்ணினா போதும் மாமா. டேட்டாபேஸ்ல தேடி, ஒவ்வொரு விவரத்துக்கும் நடுவுல ஒரு கமா போட்டு ஃபைலா எழுதிடும். கமா வர்ற இடத்துல எக்செல் அடுத்த கட்டத்துக்குப் போயிடும். நீங்க எதுலயும் கை வைக்காதீங்க."

கை வைக்கக் கூடாதென்பதால் பூவராகன் பேனா மூடியால் பொத்தான்களை அழுத்தினார். மவுசைச் செங்கமலம் முழங்கையால் நகர்த்தினாள். ஒருவழியாக ஃபைல் திறந்தது.

ஒரே ஒரு வரன்தான் தேறியிருந்தது. பெயர் பரணிதரன், படிப்பு பி.ஈ., எம்.பி.ஏ. இரண்டு பட்டத்துக்கும் நடுவில் பிள்ளை வீட்டார் போட்டிருந்த கமாவைக் கண்டதும் எக்செல் அங்கேயும் ஒரு கட்டம் தாண்டிவிட்டது. பின்னால் வந்ததெல்லாம் ஒவ்வொரு கட்டம் தள்ளி உட்கார்ந்தது. படிப்பு பி.ஈ. வேலை எம்.பி.ஏ. உயரம் வங்கி அதிகாரி. சென்டிமீட்டரில் இருந்த உயரம் நகர்ந்து, வயது 172. கடைசியில் தலைப்பே இல்லாத கட்டத்தில் 28.

முப்பதுக்குள் என்றல்லவா தேடினோம் என்று மாசிலாமணி கலங்கினார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, மாப்பிள்ளை முப்பதைத் தாண்டி ரொம்ப நாளானதால் அதற்கு மறந்திருக்கும் என்றாள் செங்கமலம்.

"சரி, அந்த இருபத்தெட்டு?"

பூவராகன் கண்ணை மூடி யோசித்தார். "பல்லுங்க."

"பல்லா?"

"எனக்கு அம்பத்தாறு வயசு, பத்தொன்பதுதான் இருக்கு. இவருக்கு இந்த வயசுல இருபத்தெட்டுன்னா, திடகாத்திரமான உடம்புங்க."

மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலிக் கட்டத்தில் 'பல்' என்று தலைப்பு அடிக்கச் சொன்னார்.

சொன்னபடி நாலு மணிக்குக் கலியமூர்த்தி வந்தார். வயது கொஞ்சம் கூடுதல்தான் என்று தாடையைத் தடவினார். பல்லைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"எம் பொண்ணு மாமியார் இருக்கற வீடே வேணாங்கறா. இந்த வயசுக்காரருக்கு அம்மா இருக்க மாட்டாங்கல்ல?"

மாசிலாமணி உடனே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்துப் பேசியதே மாப்பிள்ளையின் அம்மாதான். கலியமூர்த்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மாசிலாமணி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "உக்காருங்கண்ணே. பிள்ளைக்கே நூத்தி எழுபத்திரண்டுன்னா அந்தம்மாவுக்கு இருநூறுக்குக் குறையாது. இன்னும் எத்தனை நாளைக்கு?"

கலியமூர்த்தி விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, பையிலிருந்து மகளின் ஜாதகத்தை எடுத்து நீட்டினார்.