தேரி மண்

காற்றடித்தால் இடம் மாறும் செம்மணல் மேடுகளுக்கு அந்தப் பக்கத்தில் தேரி என்று பெயர். தேரியின் நடுவே தெக்லா சிஸ்டரின் செபவீடு இருந்தது. மனசு சரியில்லாதவர்கள் வந்து கொஞ்ச நாள் தங்கிப் போவார்கள்.

தவக்காலம் தொடங்கியதும் வந்த பிரகாசியம்மாள் சிஸ்டரைவிட மூத்தவள். நோயோடு வாசலில் வந்து நின்ற தங்கைக்கு, பழைய சண்டையை நினைத்துக் கதவைத் திறக்காதவள். தங்கை அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணீங்களா அக்கா?"

"வாராவாரம் பண்றேன் சிஸ்டர். 'இதைத்தான போன வாரமும் சொன்னீங்க'ன்னு சாமியாரே சலிச்சுக்கிட்டாரு."

"பெறவு?"

"ஆண்டவர் மன்னிச்சாச்சுங்கிறாரு. எனக்குத்தான் மனசு ஆறல. இங்கயும் சமாதானம் கிடைக்கலன்னா ஊருக்கே போயிருவேன்."

"பெரிய வியாழன் வரைக்கும் இருங்க. இயேசு சீடர்களோட காலைக் கழுவுன நாளு. அன்னிக்கு உங்க காலை நான் கழுவுறேன்."

வியாழக்கிழமை மத்தியானமே பிரகாசி தேங்காய் நாரும் சோப்புமாகக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மைனி, காலுக்கா கல்யாணம்?" என்றாள் சமையல் செய்யும் செல்வமரி.

"போடி. சிஸ்டர் கையில அழுக்குப் படலாமா?"

சாயங்காலம் செபவீட்டுக் கோயிலுக்குள் வெளிச்சம்கூடச் சிவப்பாக விழுந்தது. பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஒவ்வொருவர் முன்னும் முழந்தாளிட்டு, கடைசியில் பிரகாசியிடம் வந்தார். அவள் காலைத் தூக்கினாள். குதிகால் வெடிப்பில் ஒரு சிவப்புக் கோடு.

"இருங்க சிஸ்டர்! இன்னும் மண்ணு இருக்கு. கழுவிட்டு ஓடி வந்திர்றேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"போயிட்டு வாங்க."

குழாயடியில் தேய்த்துக் கழுவினாள். கோயில் படிக்கு வந்து குனிந்து பார்த்தாள். கணுக்கால் வரை சிவப்பு. திரும்பிப் போனாள். அடுத்த முறை நுனிக்காலில் வந்தாள். அதற்கடுத்து, சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மணல் அவளுக்கு முன்னால் படியேறி நின்றது.

பாட்டு முடிந்தது. ஆட்கள் கலைந்தார்கள். வானமும் தேரியும் ஒரே நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போயிற்று. பனைகள் மிதந்தன. கனவில் நடப்பதுபோல் போவதும் வருவதுமாக இருந்தாள். கடைசியில் குழாயிலும் தண்ணீர் நின்றுவிட்டது.

அப்படியே வந்தாள். கோயில் கதவு திறந்தே இருந்தது. காலி பெஞ்சின் முன்னால் சிஸ்டர் இன்னும் முழந்தாளில் இருந்தார். பக்கத்தில் கால் கழுவும் பேசின்.

"முடியல சிஸ்டர்." பிரகாசி அழுதாள். "எத்தனை தடவை கழுவினாலும் இந்த மண்ணு மேலதான நடந்து வரணும்? குழாயிலயும் தண்ணி நின்னுட்டு."

சிஸ்டர் பேசினை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தண்ணி இங்க இருக்குக்கா."