பின்கதவு இல்லாத மழைத்துளி

மழை வந்தால் சூரியன் விலகிக்கொள்வதும், சூரியன் வந்தால் மழை ஒதுங்கிப் போவதும்தான் மரியாதை என்றிருந்த அந்தக் காலத்தில், சூரியனோடு பேசுவது பெரிய காரியமில்லை. கூப்பிட்டால் போதும், பதில் சொல்வான். கூப்பிடுகிறவர்கள்தான் குறைவு. மனிதர்களுக்கு அன்றைக்கும் வேலை ஓயவில்லை.

விடாமல் பேசியவள் சடைச்சி ஒருத்திதான். மலையடிவாரத்தில் கேழ்வரகு விதைத்துப் பிழைத்தவள். அவளுக்கு ஒரே மகள், பெயர் பூவாயி. கிழக்கே, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வருகிற வழக்கம் அப்போது கிடையாது. பெற்றவர்களும் போய்ப் பார்க்கக் கூடாது. சூரியனைப் பார்த்து மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. அவன் அனுப்புகிற வெளிச்சம் என்றைக்காவது அவனிடம் திரும்பிப் போயிருக்கிறதா? அனுப்பினால் அனுப்பியதுதான். சடைச்சியின் கணவன் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டான். சடைச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் களத்து மேட்டில் ஏறி, மகள் இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்து நிற்பாள். மலைதான் தெரியும். அவள் முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருப்பான். மலைக்கு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வருகிறவன் அல்லவா? திரும்பாமலே அவனிடம் விசாரிப்பாள். அவனும் பொறுமையாகச் சொல்வான். இன்றைக்கு இரண்டு குடம் தண்ணீர் சுமந்தாள், இன்றைக்கு முற்றத்தில் தானியம் புடைத்தாள், இன்றைக்கு ஒரு வெள்ளாட்டை விரட்டிக்கொண்டு ஓடினாள். அதைக் கேட்ட பிறகுதான் சடைச்சி வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒருநாள் புதிதாக ஒன்று கேட்டாள்.

"முகம் எப்படி இருக்கு சாமி? மெலிஞ்சிருக்காளா?"

சூரியன் விழித்தான். உச்சியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தலை வகிடும் தோளும்தான் தெரியும். முகம் தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னான்.

எட்டு மாதக் கதை கேட்டதெல்லாம் ஒரு தலை வகிட்டைப் பற்றித்தானா என்று சடைச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ பெத்த பிள்ளைங்க முகமாவது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் அது சூரியனைச் சுட்டுவிட்டது. அவனுக்கும் பெண்கள்தான். ஒவ்வொரு கதிரும் ஏழு அக்கா தங்கைகள். வழியில் யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று, ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே வெள்ளைத் துணியைப் போர்த்தி அனுப்புவான். அவர்கள் நேராக நடப்பார்கள். திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவன் கண்டதெல்லாம் தூரமாகிக்கொண்டே போகும் முதுகுகளைத்தான். ஒருத்தி முகம்கூட அவனுக்குத் தெரியாது.

மறுநாள் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கெஞ்சினான். என் பெண்களைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடுங்கள், முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பாறை, வந்தவர்களை உள்ளே வைத்துக்கொண்டு சூடேறி உட்கார்ந்திருந்தது. இலைகள் அவர்களை அன்றாடச் சாப்பாடாகவே நினைத்திருந்ததால் பேச்சை மாற்றின. குளம் மட்டும் திருப்பி அனுப்பியது. ஆனால் உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே திருப்பியதால், போர்த்திய துணி போர்த்தியபடி, வேறு எங்கோ பார்த்துப் போய்விட்டார்கள்.

கடைசியில், முதல்நாள் மழை விட்டுப்போன ஒரு துளி, வேலி முள்ளின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விழப்போகிற துளி. அவசரமாகத்தான் பேசியது.

"என் வீட்டுக்கு ஒரே வாசல். பின்கதவு கிடையாது. உள்ளே வந்தவங்க பின்சுவர் வரைக்கும் போயிட்டு, வந்த பக்கமாத்தான் திரும்பணும். ஆனா ஒண்ணு பெரியவரே, என் வீட்டுத் தரை வழுக்கும். கை கோத்துக்கிட்டு நடக்க முடியாது. பிரிஞ்சுதான் வருவாங்க. திரும்பச் சேர்த்து வைக்க என்னால ஆகாது."

தான் ஒரு துளி மட்டும் இதற்குப் போதாது என்றும் அது சொன்னது. மழை மொத்தமும் வேண்டும். மழை வரும்போது சூரியன் ஓடி ஒளியாமல் நிற்க வேண்டும். சொல்லி முடித்ததும் விழுந்து மண்ணில் மறைந்தது.

சூரியன் மூன்று நாள் யோசித்தான். கையை விடாதீர்கள் என்பது ஒன்றுதான் அவன் பெண்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்த புத்திமதி. முகம் பார்க்கிற ஆசையில் அதை அவனே கெடுப்பதா? பிரிந்தவர்கள் மறுபடி சேராமலே போய்விட்டால்? ஆனால் முகமே தெரியாமல் காலமெல்லாம் அனுப்பிக்கொண்டிருப்பதை நினைத்தபோது அதுவும் தாங்கவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் கிழக்கே மலைமேல் மழை இறங்கியது. சூரியன் விலகவில்லை. மழைக்கே அதிர்ச்சிதான், ஆனாலும் வந்த மழை நிற்குமா? சூரியன் தன் பெண்களை அந்த மழைக்குள் அனுப்பினான்.

துளியின் வாசலைத் தாண்டியதும் கால் வழுக்கியது. பெரியவள் கொஞ்சம் சாய்ந்தாள், கடைக்குட்டி அதிகம் சாய்ந்தாள். கைகள் விட்டுப்போயின. போர்வை நழுவியது. பின்சுவரைத் தொட்டுத் திரும்பி, ஏழு பேரும் ஏழு வழியாக வெளியே வந்தார்கள்.

வந்தார்கள், ஆனால் அப்பனிடம் போய்ச் சேரவில்லை. வழுக்கிய சாய்வு விடுமா? அவனுக்குக் கீழே விலகி, தரையை நோக்கி இறங்கினார்கள். சூரியன் எட்டி எட்டிப் பார்த்தான். மழைதான் தெரிந்தது. பிள்ளைகளையும் பிரித்துவிட்டேன், முகத்தையும் பார்க்கவில்லை என்று அவன் நொந்துபோன அந்த நேரத்தில், களத்து மேட்டில் நின்றிருந்த சடைச்சி நான்கு நாள் கோபத்தையும் மறந்து வாயைத் திறந்தாள்.

"சாமி, உன் பிள்ளைங்க இங்க வந்திருக்காங்க."

அவள் கிழக்கே மகள் ஊரைப் பார்த்து நின்றிருந்தாள். திரும்பிய பெண்கள் அவள் கண்ணுக்கு நேராகத்தான் வந்தார்கள். ஒரு துளியிலிருந்து ஒருத்தி முகம்தான் அவளுக்கு எட்டியது. மற்றவர்கள் தலைக்கு மேலேயோ காலுக்குக் கீழேயோ போய்விட்டார்கள். ஆனால் மழையில் துளிக்கா பஞ்சம்? உயரத்துத் துளிகள் மூத்தவளைக் காட்டின, கீழே இருந்த துளிகள் இளையவளைக் காட்டின. மலை முழுக்க வளைந்து நின்றார்கள்.

"எப்படி இருக்காங்க?" என்றான் சூரியன்.

"ஒருத்தி மாதிரி ஒருத்தி இல்ல. மூத்தவ மிளகாப்பழம் கணக்கா சிவந்திருக்கா. அடுத்தவ பனம்பழச் சதை நிறம். ஒருத்தி இப்பத்தான் மஞ்சள் தேச்சுக் குளிச்சவ மாதிரி. நடுவுல ஒரு பச்சை, நம்ம நாத்தங்கால் பச்சை. அப்புறம் நீலமா வருது, அது ஒருத்தியா ரெண்டு பேரா எனக்குத் தெரியல. கடைசிப் பொண்ணு கத்தரிப்பூ நிறம் சாமி. கூச்சக்காரி போல, கண்ணைச் சுருக்கினாத்தான் தெரியறா."

"மெலிஞ்சிருக்காங்களா?"

"இல்ல. நல்லா இருக்காங்க."

சூரியன் இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சொன்னாள். மூன்றாவது முறையும் சொன்னாள். அதற்குள் மழை நகர்ந்தது, முகங்கள் ஒவ்வொன்றாக மங்கின. பிரிந்த பெண்கள் மறுபடி கை கோத்துக்கொண்டார்களா என்றால், இல்லை என்றுதான் சொல்கிறார்கள். அவனுக்கும் அது தெரியும்.

மலை வெறுமையானதும் சடைச்சி முதல்முறையாகச் சூரியன் பக்கம் திரும்பினாள். "உன் பிள்ளைங்க முகத்தை நான் சொல்லிட்டேன். என் பிள்ளை முகத்தை எனக்கு யார் சொல்லுவா?" என்றாள்.

"யாரும் சொல்ல வேண்டாம். நீயே போய்க் கூட்டிக்கிட்டு வா. யாராவது கேட்டா, அனுப்பினவனே திருப்பிக் கூப்பிட்டுட்டான்னு சொல்லு."

சடைச்சி விடிந்ததும் மலையேறினாள். மூன்றாம் நாள் மகளோடும் மருமகனோடும் ஊருக்குள் வந்தாள். முறைத்தவர்களுக்குச் சூரியன் சொன்னதைச் சொன்னாள். கணவன் பூவாயிக்கு முதல் இலையைப் போட்டான். பூவாயி மெலிந்துதான் இருந்தாள். சடைச்சி அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

கட்டிக்கொடுத்த பெண்ணை மறுவீட்டுக்கு அழைப்பது அப்படித்தான் வந்தது. சூரியனும் சாய்ந்து இறங்கும் நேரத்தில் எதிரே மழையைக் கண்டால், மரியாதையை மறந்து நின்றுவிடுகிறான். பெண்கள் திரும்புகிறார்கள். அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கிற நம் கண்ணுக்குத்தான் அவர்கள் முகம் தெரிகிறது, அவனுக்கு இன்றைக்கும் தெரிவதில்லை. அன்று முதல்தான், வானவில்லைக் கண்டவர்கள் யாராக இருந்தாலும், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும், "அதோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். பின்னால் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.