ராஜா ஒட்டி வைத்த அமெரிக்கர்கள்

வெள்ளாற்றூர் சமஸ்தானம் ரொம்பச் சின்னது. அங்கே யானை கொட்டாவி விட்டால் அடுத்த சமஸ்தானத்தில் கேட்கும். அதனால்தானோ என்னவோ, ராஜா சேதுரங்க பூபதி உலகத்தையே ஓர் ஆல்பத்துக்குள் அடக்கிவிடுவது என்று தபால் தலை சேர்க்க ஆரம்பித்தார். அவர் எங்கே பயணம் போனாலும் ஆல்பமும் கூடப் போகும். ராணியும் சில சமயம் போவதுண்டு.

ஆல்பத்தில் ராஜாவுக்கு உயிர், அமெரிக்கப் பக்கங்கள். அமெரிக்கர் ஒருவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை. பச்சை, சிவப்பு, நீலம் என்று பல நிறத்தில் இருப்பார்கள், தோளுக்குக் கீழே உடம்பு கிடையாது என்ற அளவில்தான் பழக்கம். ஆனாலும் மகளுக்குப் பாடம் சொல்ல அமெரிக்க டீச்சர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"இங்கிலீஷ்காரியிடம் படிச்சா என் பொண்ணு துரையைப் பார்த்து எழுந்து நிப்பா. அமெரிக்காக்காரங்க அந்தத் துரைங்களை அடிச்சு விரட்டினவங்க" என்றார்.

டீச்சர் தேடும் வேலை ஆலோசகர் தாண்டவராயர் தலையில் விழுந்தது. கொழும்பில் ஒரு பள்ளிக்கூடம் மூடிப்போய், நல்ல சான்றிதழோடும் ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட்டோடும் மிஸ் பிரைஸ் என்றொரு அம்மாள் நின்றார். தாண்டவராயர் கடிதம் எழுதி அவரைப் பிடித்தார். வேலை கிடைத்தால் தங்கலாம். இல்லையென்றால் மறுநாள் கப்பல். ஊரில் அவர் பார்த்த வேலைக்கு வேறொருத்தி வந்து ஆறு வருஷமாகிறது.

ராஜா கொழும்புக்குக் கிளம்பினார். டீச்சரைச் சந்திக்கும் இடம் புறக்கோட்டையில் கனகசூரியரின் தபால் தலைக் கடை என்று அவரே முடிவு செய்துவிட்டார். போகிற வேலையோடு வேலையாக நாலு தலை வாங்கலாம் அல்லவா? திவான் சபாபதியும் கூட வந்தார். அந்த உத்தியோகத்தை அவர் மனசுக்குள் தம் மருமகனுக்கு எப்போதோ கொடுத்துவிட்டிருந்தார்.

மிஸ் பிரைஸ் கடைக்குள் வந்தார். நல்ல உயரம், வெள்ளைத் தொப்பி, நாவல்பழ நிறம். திவானுக்கு முகம் மலர்ந்தது.

"அமெரிக்காவில் சொந்த ஊர் எது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"சார்ல்ஸ்டன்."

"அதற்கு முன்னால்?"

"சார்ல்ஸ்டன்."

"உங்கள் பாட்டனுக்குப் பாட்டன்?"

"அவரும் அங்கேதான். அவருக்கு முந்தின பாட்டியைத்தான் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்தார்கள். பிடித்தவர்கள் ஊர்ப் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை."

திவான் தமிழுக்குத் திரும்பினார். "பாத்தீங்களா மகாராஜா? மூலம் ஆப்பிரிக்கா! முன்னோர் எங்கேயிருந்து வந்தாங்களோ அதுதானே ஒருத்தருக்கு நாடு? தாண்டவராயர் நம்மை ஏமாத்திட்டார்."

ராஜா ஆல்பத்தைப் பார்த்தார். அம்மாளைப் பார்த்தார். அந்த முகஜாடையில் ஆல்பத்தில் ஒருத்தரும் இல்லை.

"திவான் சொல்றது நியாயமாத்தானே படுது? என்ன சொல்றீர் தாண்டவராயரே?"

தாண்டவராயர் பேச்சை நம்பித்தான் அந்த அம்மாள் வந்து நிற்கிறார். அந்தக் கவலையை அவர் முகத்தில் காட்டவில்லை.

"திவான் சொன்னதே சட்டமா இருக்கட்டும் மகாராஜா. ஆனா சட்டம்னா டீச்சருக்கு மட்டும் இருக்கப்படாது. ஆல்பத்திலேயும் அந்நியர் யாராவது புகுந்திருந்தா வெளியே எடுத்துடுவோம்."

கனகசூரியரிடம் இடுக்கி வாங்கிக்கொண்டு அமெரிக்கப் பக்கத்தைத் திறந்தார்.

"இவர் யாரு?"

"கொலம்பஸ்" என்றார் ராஜா பெருமையாக.

"எந்த ஊர்?"

"இத்தாலி" என்றார் கனகசூரியர்.

கொலம்பஸ் கப்பலோடும் மாலுமிகளோடும் கழன்று வந்தார். மொத்தம் பதினாறு தலை. ராஜா பதினொரு வருஷம் அலைந்து சேர்த்த வரிசை.

"இது வாஷிங்டன். பூட்டனார் எங்கே பிறந்தவர்?"

"இங்கிலாந்து."

வாஷிங்டன் போனார். ஃபிராங்க்ளினுக்குப் பூட்டன் வரை போக வேண்டியிருக்கவில்லை. தகப்பனாரே இங்கிலாந்து. லிங்கனும் போனார்.

"மெதுவாய்யா! ஓரத்துப் பல்லு கிழிஞ்சிடப் போகுது!" என்று ராஜா பதறினார்.

"சட்டம், மகாராஜா."

பக்கம் பக்கமாகக் காலியாயிற்று. இதெல்லாம் அதிகப்பிரசங்கித்தனம் என்று திவான் முணுமுணுத்தார். ராஜா அவரைப் பார்த்த பார்வையில் அதையும் நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் இரண்டே தலை மிஞ்சின. ஒன்று பதினாலு காசு. அதில் இறகு சூடிய செவ்விந்தியத் தலைவர் ஒருவர் இருந்தார்.

"இவர் அசல். இவரையே கூப்பிட்டுடலாமா?" என்றார் தாண்டவராயர்.

கனகசூரியர் தொண்டையைக் கனைத்தார். "அவர் செத்துக் கனகாலம் ஐயா. உயிரோட இருக்கிற ஆக்களை அங்க முத்திரையில போடுறேல்ல."

"அடடா."

இடுக்கி அடுத்த தலைக்குப் போயிற்று. முப்பது காசு. அதில் ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது.

தாண்டவராயர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு ராஜா பக்கம் திரும்பிக் கைகட்டி நின்றார்.

"பாட்டன், பூட்டன் எல்லாரும் உள்ளூர். திவான் சட்டப்படி தேறினது இவர் ஒருத்தர்தான் மகாராஜா. உத்தியோக உத்தரவை இவர் பேருக்கே எழுதிடட்டுமா? இளவரசிக்குத் திங்கட்கிழமை பாடம் ஆரம்பிக்கணும்."

ராஜா முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போதும்யா! அந்த அம்மா பேருக்கே எழுதும்!" என்று மோதிரத்தைக் கழற்றிப் பரிசாகத் தாண்டவராயர் கையில் வைத்தார். "திவானே, நீர் இங்கேயே உட்கார்ந்து எல்லாரையும் பழையபடி ஒட்டி வையும். ஒருத்தர் விடாம!"

தபால் தலை ஒட்டும் துண்டுத்தாளை நாக்கில் தொட்டுத்தான் ஒட்ட வேண்டும். திவானோ வெளியூரில் தண்ணீர்கூடக் குடிக்காத ஆசாரசீலர். நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மிஸ் பிரைஸுக்குத் தமிழ் தெரியாது. "இவ்வளவு நேரம் என்ன விவாதம்?" என்று கேட்டார்.

"இந்த வேலைக்கு உங்களோடு ஒரு காட்டெருமையும் போட்டியில் இருந்தது அம்மா. உங்களுக்குத்தான் கிடைத்தது" என்றார் தாண்டவராயர்.

மிஸ் பிரைஸ் குனிந்து அந்த முப்பது காசைப் பார்த்தார்.

"ஆச்சரியம்தான். எங்கள் ஊரில் அதற்குத்தான் கொடுத்திருப்பார்கள்" என்றார்.