மன்னிப்புக்கு ஒரு மைக்

மடம் நடத்தும் பல்கலைக்கழகம் ஒன்றில் நாச்சம்மை தற்காலிக விரிவுரையாளர். ஒருநாள் வகுப்பில், "நம் சாமிகள் நேற்று மௌனத்தின் மகிமையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினார்கள்" என்று சொல்லிவைத்தார். நாற்பது பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள்.

விஷயம் பதிவாளர் மருதாசலத்தின் காதுக்குப் போனது. மனிதர் குதித்தார்.

"மடத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு சாமிகளையே கிண்டலா? நாளைக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கணும். இல்லையென்றால் வேலை கிடையாது!"

"கேட்கிறேன், சார். ஆனால் எதற்கு மன்னிப்பு என்று பிள்ளைகளுக்குத் தெரியவேண்டுமே. அதை மறுபடி என் வாயால் சொன்னால் இன்னொரு குற்றமாகிவிடும். எழுதித் தருகிறேன், உங்கள் கம்பீரக் குரலில் நீங்களே வாசித்துவிடுங்கள்."

கம்பீரக் குரல் என்றதும் பதிவாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல், நிறுத்தி நிதானமாக வாசித்தார். இரண்டாயிரம் பேர் சிரித்த சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது.

நாச்சம்மை மைக்கை வாங்கினார். "வகுப்பில் நாற்பது பேரிடம் இதைச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்" என்று கும்பிட்டார். பிறகு மைக்கைப் பதிவாளரிடமே நீட்டினார்.

"இரண்டாயிரம் பேரிடம் சொன்னது நீங்கள், சார். இந்தாங்க."