மேட்டில் வைத்த வாழை

ஒரு கரடி தன் இரண்டு குட்டிகளோடு மலை மேட்டில் குடியிருந்தது. குகையைச் சுற்றிச் சீத்தா மரங்கள். யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. பெய்கிற மழைக்கு அவை பாட்டுக்குக் காய்த்தன. மழைக்காலத்துக்கென்று கரடி தேனடையும் கிழங்கும் சேர்த்து வைத்திருந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். எங்கே விட்டது பக்கத்து மரத்துக் குரங்கு!

"என்னக்கா, போயும் போயும் சீத்தாப்பழமா! வாழை போடுங்க! ஒரு தார் இறங்கினா மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து சாப்பிடலாம்!" என்றது குரங்கு.

"வாழைக்குத் தண்ணி வேணுமே தம்பி! ஓடை அடிவாரத்துல கிடக்கே!"

"தூக்கிட்டு வாங்க! உங்க உடம்புக்கு இதெல்லாம் ஒரு வேலையா!"

கரடி அந்தப் பேச்சில் மயங்கிவிட்டது. மேட்டில் வாழைக் கன்றுகளை நட்டது. சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு மலையேறியது. பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியது. மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது.

ஏறினால் பசிக்காதா? தேனடையைத் தின்றது. இறங்கினால் மட்டும் பசிக்காதா? கிழங்கைத் தின்றது. சீத்தா பழுத்து உதிர்ந்தது. பொறுக்கவும் நேரமில்லை. எல்லாம் அழுகிப்போயின. பாவம், அதற்கு நிமிர்ந்து பார்க்கக்கூடத் தெம்பில்லை.

மற்றக் கன்றுகள் கருகிப்போயின. ஒன்றே ஒன்று குலை தள்ளியது. நல்ல பெரிய தார்தான். குட்டிகள் ஆசையாகத் தின்றன. மழை தொடங்குவதற்குள் வெறும் காம்புதான் மிச்சம்.

"அம்மா, பசிக்குது!"

கரடி குகைக்குள் துழாவியது. ஒரு கிழங்குகூட இல்லை. மெலிந்த உடம்போடு, கொட்டும் மழையில் கறையான் புற்றைத் தோண்டக் கிளம்பியது. கால் வழுக்கியது. அழுகை வந்தது.

மரக்கிளையிலிருந்து குரங்கு கூவியது: "அக்கா! வாழையடியில புதுக் கன்று வந்திருக்கு! மழை விட்டதும் தண்ணி ஊத்துங்க, விட்டுடாதீங்க!"

"இந்தத் தடவை நீ ஊத்து தம்பி!"

"நானா! அந்த மலையை ஏறி இறங்க எனக்கு ஏதுக்கா அவ்வளவு தெம்பு!"

கரடி அதை ஒரு பார்வை பார்த்தது. நனைந்துகொண்டே நடந்தது.

என்ன விளைந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது, அதை விளைவிக்க எவ்வளவு கரைந்தது என்றும் பார்க்க வேண்டும்.