குழம்பில் விழுந்த ஜெபம்

அந்தக் கடற்கரை மடத்துக்கு ஜெபமாலை இன்னும் வந்து சேராத காலம். படித்த துறவிகள் நூற்றைம்பது சங்கீதங்களையும் முறை வைத்துப் பாடினார்கள். எழுத்தறியாதவர்கள் அதற்கு ஈடாக, ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கும் மாதா மந்திரத்தை நூற்றைம்பது தடவை சொன்னார்கள். தவறிவிடாமல் இருக்க, ஒரு மந்திரத்துக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்து வைப்பது வழக்கம்.

சமையல்கட்டுத் தொம்மை எழுத்தறியாதவர். ஐம்பது வயதுவரை கடலில் வலை வீசிவிட்டுத் துறவியாக வேண்டும் என்று வந்தவர். நாற்பது நாள், ஒரு நாள்கூடத் தவறாமல், நண்பகல் மணிக்குள் நூற்றைம்பதையும் சொல்லி முடித்தால் வார்த்தைப்பாடு கொடுத்து, அதாவது துறவுக்கான உறுதிமொழி சொல்லி, முழுத் துறவியாகலாம் என்று மடத்துத் தலைவர் சந்தியாகு சாமி சொல்லியிருந்தார். அதைவிட்டால் தொம்மைக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

மூன்றாம் நாளே ஒரு கூழாங்கல் சோற்றுக்குள் போய்விட்டது. அது யார் பல்லில் போய் அகப்பட வேண்டும்? மடத்திலேயே அதிகம் படித்தவரும், படிப்பைவிட அதிகம் கோபம் உள்ளவருமான ஞானாதிக்கத்தின் பல்லில். அன்றோடு தொம்மை கல்லை விட்டுவிட்டுப் பச்சை மொச்சைக்கு மாறினார். தினமும் நூற்றைம்பது கொட்டை கிண்ணத்தில் இருக்கும். ஒரு மந்திரம், ஒரு கொட்டை குழம்புச் சட்டிக்குள். ஜெபமும் ஆயிற்று, குழம்பும் ஆயிற்று.

நாற்பதாம் நாள். கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டே இருந்தவர் நண்பகல் மணிச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டார். முழங்கை பட்டுக் கிண்ணம் கவிழ்ந்தது. கொட்டை ஏதும் மிச்சம் இருந்ததா என்று பார்ப்பதற்குள் எல்லாம் சட்டிக்குள் போயிற்று.

குழம்பு வெந்து இறங்கியதும் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு வந்தார்.

“சாமி, கொட்டிட்டேன்.”

“எதை அண்ணே?” என்றார் சந்தியாகு சாமி. தொம்மையைவிடப் பத்து வயது சின்னவர்.

“ஜெபத்தை. சட்டிக்குள்ள சொன்ன கொட்டையும் கிடக்கு, சொல்லாத கொட்டை இருந்தா அதுவும் கிடக்கு. பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. நான் முடிச்சேனா, முடிக்கலையா?”

“தெரியலன்னா முடிக்கலன்னுதான் அர்த்தம்,” என்றார் ஞானாதிக்கம். “இன்னொரு நாப்பது நாள் இருந்து பார்க்கட்டும்.”

தொம்மை சட்டியைக் கீழே வைக்காமல் சாமியைப் பார்த்தார்.

“முதல்ல பரிமாறுங்க அண்ணே,” என்றார் சாமி. பரிமாறி முடிந்ததும் எல்லாரையும் பார்த்தார். “ஒரு மந்திரம் சொல்லித்தான் ஒரு கொட்டையை வாயில போடணும். அப்ப சொல்லாத கொட்டைன்னு ஒண்ணும் மிஞ்சாது. எத்தனைன்னு கடைசியில சொல்லுங்க.”

பன்னிரண்டு பேரும் நல்ல பசியில் இருந்தார்கள். முதலில் முணுமுணுத்தார்கள். ஒருவருக்குப் பாதி மந்திரத்தில் கொட்டை வழுக்கி மடியில் விழுந்தது. அதைத் தேடியதில் அவருக்கு மந்திரம் மறந்துவிட, பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுத்தார். ஒருவர் சிரிக்க, அது வரிசை முழுக்கப் பரவியது. பத்தொன்பதாவது கொட்டையை விழுங்கிவிட்டு ஞானாதிக்கம் வெறும் தட்டைத் தடவினார்.

“இன்னும் இருக்கா?” என்று தொம்மையிடம் கேட்டார்.

எல்லாரும் சொன்னதைக் கூட்டியபோது நூற்றி நாற்பத்தொன்பது வந்தது.

“ஒண்ணு குறையுதே,” என்றார் ஞானாதிக்கம். இந்த முறை அவருக்கே அது வருத்தமாக இருந்தது.

தொம்மை சட்டியைக் கவிழ்த்தார், வழித்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“வெந்துச்சான்னு ஒண்ணை வாயில போட்டேன் சாமி.”

“மந்திரம் சொன்னீங்களா?”

“எங்க சொல்ல? நாக்கு பொத்துப்போச்சு. ‘ஐயோ மாதாவே’ன்னு கத்திட்டேன்.”

சந்தியாகு சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரைவிட அதிகம் சிரித்தவர் ஞானாதிக்கம்தான்.

“அதுவும் ஜெபம்தான். நாளைக்கு வார்த்தைப்பாடு,” என்றார் சாமி, கண்ணைத் துடைத்தபடி.

தொம்மைக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலிச் சட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றார்.

“மொச்சை இனிமே குழம்புக்கு மட்டும்,” என்றார் சாமி. “வலை பின்னின கைதானே அண்ணே? ஒரு கயித்துல முடிச்சுப் போட்டு வச்சுக்குங்க. முடிச்சு கொட்டாது.”

“சரி சாமி. நூத்தம்பது முடிச்சுத்தானே?”

“நூத்தி நாப்பத்தொம்பது போடுங்க. அந்த ஒண்ணை இன்னைக்குக் கத்தின மாதிரி எண்ணாம சொல்லுங்க.”