வெட்டி எறிந்த வட்டம்

"விரிசல் நுனிகிட்ட போனாலே கணக்கு வெடிச்சிடுது மேடம்," என்றார் வேதமுத்து.

ஆய்வு மாணவர்களில் அவர்தான் மூத்தவர். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. வழிகாட்டி குழல்வாய்மொழி அவரைவிட வயதில் சின்னவர்.

"எலும்பு விரிசல்தானே சார்? என்ன ஆச்சு?"

"நுனியை நெருங்க நெருங்க நீட்சி ஏறிக்கிட்டே போகுது. நுனியில அதுக்கு எல்லையே இல்ல."

"என்ன பண்ணீங்க?"

"எல்லாரும் பண்றதுதான். நுனியைச் சுத்திச் சின்னதா ஒரு வட்டம் போட்டு வெட்டி எறிஞ்சிட்டேன். மிச்சமெல்லாம் அழகா வருது. விரிசல்ல பிறக்கிற மின்சாரம் மட்டும் கணக்குல வரமாட்டேங்குது."

"நோயாளியை விட்டுட்டு வார்டு முழுக்க ஊசி போட்டிருக்கீங்க."

வேதமுத்து சிரித்தார். பிறகு அவரே அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திடுக்கிட்டவர்போல நிறுத்திக்கொண்டார்.

"எப்சி எப்படி இருக்கா?"

எப்சி அவர் மகள். தாய் இறந்த அறைக்குள் போனவள், பேச்சை விட்டுவிட்டாள். வெளியே வருவதையும் விட்டுவிட்டாள். வேதமுத்து சாப்பாட்டை அறைவாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். மனைவி போன பிறகு அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை.

"அப்படியேதான் இருக்கா. நேத்திலிருந்து வைக்கிற தட்டெல்லாம் வச்சபடியே கிடக்கு."

"உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"அந்த அறையில பல்லித் தொல்லை வேற மேடம். பகலெல்லாம் டக் டக்னு."

குழல்வாய்மொழி எழுந்தார். அலமாரியைத் திறந்து ஒரு மாட்டெலும்பை எடுத்தார். வேகவைத்துச் சுத்தம் செய்த வெள்ளை எலும்பு. நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல். அதை இடுக்கியில் பூட்டி, விரிசல் முடியும் இடத்தில் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டி, மறுமுனையை ஒலிபெருக்கியில் செருகினார்.

இடுக்கியின் திருகை அரைச் சுற்று இறுக்கினார்.

டக்.

"நுனியிலதான் பிறக்குது," என்றார். "பக்கத்துப் புள்ளி தன்னைவிட எவ்வளவு மாறுதுன்னு ஒவ்வொரு புள்ளியும் பாக்கணும். அதைச் சமன்பாட்டுல சேருங்க. நீட்சி அடங்கிடும். மின்சாரம் வந்துடும்."

"எனக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும் மேடம். எதுக்கு எலும்புக்கு மின்சாரம்?"

"உயிரோட இருக்கிற உடம்புல, எங்க விரிஞ்சிருக்குன்னு சுத்தியிருக்கிற செல்லுக்கு அதுதான் சொல்லுது. அந்தச் செல் வந்து அடைக்கும்."

டக்.

வேதமுத்து இடுக்கியைப் பார்த்தார். திருகின்மேல் யார் கையும் இல்லை.

"இந்த மாடு செத்து எத்தனை நாளாச்சு?"

"அது எலும்புக்குத் தெரியாது சார்."

டக். டக்.

சீராக இல்லை. கொஞ்சம் நின்று, யோசித்துவிட்டுத் தட்டுவதுபோல் இருந்தது. வேதமுத்து ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தார். இந்தச் சத்தத்தை அவர் எங்கோ கேட்டிருக்கிறார். தினமும் கேட்டிருக்கிறார்.

"யாரும் வரலைன்னா?"

குழல்வாய்மொழி ஒலிபெருக்கியின் ஒலியைக் கூட்டினார்.

"சொல்லுங்க மேடம். யாரும் வரலைன்னா?"

"கூப்பிடும். ஒடையிற வரைக்கும்."

வேதமுத்து எழுந்தார். கணக்குத் தாள்கள் மேசையிலேயே கிடந்தன. செருப்பை மாட்டினாரா என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

உச்சி வெயிலில் வீடு அசைவற்று நின்றது. அறைவாசலில் காலையில் வைத்த தட்டு, வைத்தபடியே. சோற்றில் எறும்பு.

டக்.

மனைவி போனதிலிருந்து தட்டு வைக்கும் இடத்துக்கு அப்பால் அவர் போனதே இல்லை. இன்று தட்டைக் காலால் ஒதுக்கினார்.

கதவு பூட்டியிருக்கவில்லை. ஒருபோதும் பூட்டியிருந்ததில்லை என்று தள்ளும்போதுதான் தெரிந்தது.

எப்சி கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் நுழைந்ததை அவள் கண் பார்க்கவில்லை. விரல் முட்டி மட்டும் எழுந்து, கதவின் உட்புறத்தில் விழுந்தது. அந்த இடத்தில் வண்ணம் உரிந்து, மரம் தெரிந்து, சின்னதாக ஒரு வட்டம்.

சுவரில் பல்லி எதுவும் இல்லை.

அவர் மகளுக்கு அருகே தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்து அந்த வட்டத்தின்மேல் வைத்தார்.

அடுத்த தட்டு அவர் கையில் விழுந்தது.